விலாசம் சொன்னது யார்

சத்தியம் பண்ணியாச்சுல்ல, பெறகென்ன, கேளுங்கம்மா. ஒளிக்க எங்கிட்ட ஒண்ணுமில்ல. ஏழு வருசம் போட்டாச்சு, அப்பீலும் தள்ளியாச்சு. இனிமே உண்மையைச் சொன்னா மட்டும் என்ன, புதுசாத் தூக்குலயா போடப் போறாங்க?

கமிஷனர் வந்திருக்காங்க, உன்னைய விசாரிக்கணுமாம்னு வார்டரய்யா வந்து கூப்பிட்டாரு. நானும் போலீஸ் கமிஷனராக்கும்னு சட்டைப் பொத்தானெல்லாம் மாட்டிக்கிட்டு ஓடியாந்தேன். வந்து பாத்தா எந்தங்கச்சி வயசுல ஒரு பொண்ணு, முன்னால ஒரு லேப்டாப்பு. கோவிச்சுக்காதீங்கம்மா, சும்மா சொல்றேன். நுகர்வோர் கோர்ட்டுல இருந்து ஜெயிலுக்கே ஒரு வக்கீலைக் கமிஷனரா அனுப்பிச் சாட்சி வாங்குவாங்கன்னு எனக்கு எங்க தெரியும்?

இவரு யாரு, பேங்க்கு வக்கீலா? வணக்கம் சார். வாட்ச் நல்லாருக்கு. அந்தத் தாடித் தம்பி எந்தங்கச்சி பக்கமா? வணக்கம் தம்பி. என்னைய அப்படிப் பாக்காதீங்க, கை ரெண்டும் மேசை மேலதான் இருக்கு.

சரி, விசயம் எனக்குப் புரிஞ்சுதான்னு நானே சொல்லிடுறேன். எந்தங்கச்சி வாசுகி பேங்க்கு மேல கேஸ் போட்டிருக்கா. பேங்க்குல இருந்து எங்க எல்லாரோட விவரமும் வெளிய போயிருச்சு, அதுல அவ விலாசமும் போயிருச்சு, அதை வச்சுத்தான் நான் அவ வீட்டைக் கண்டுபுடிச்சு அவ புருசனை அடிச்சேன், அதுக்கு பேங்க்கு நஷ்டஈடு தரணும்னு கேக்குறா. பேங்க்கு என்ன சொல்லுது? விவரம் வெளிய போனது வாஸ்தவம், ஆனா இந்தாளு அதைப் பாத்துத்தான் போனான்னு என்ன ருசு, சொந்தக்காரன் எவனாவது சொல்லியிருப்பான்னு சொல்லுது. ஆக நான் ‘பேங்க்கு ஃபைல்ல பாத்தேன்’னா அவ ஜெயிப்பா. ‘வேற ஆளு சொன்னான்’னா பேங்க்கு ஜெயிக்கும். அம்புட்டுத்தான? அவ புருசன் கைக்கு இன்னொரு ஆபரேஷன் பண்ணணுமாம், அது இந்தப் பணத்தை நம்பித்தான் நிக்குதுன்னு கேள்விப்பட்டேன். யார் சொன்னாங்கன்னா கேக்குறீங்க? ஜெயிலுக்குள்ள எல்லாச் சேதியும் வரும்மா.

சொல்றேன். ஆனா நான் என் போக்குலதான் சொல்லுவேன். நடுவுல ‘ஆமா இல்லைன்னு மட்டும் சொல்லு’ன்னு வெட்டக் கூடாது. வெட்டுனா எனக்குக் கோவம் வரும். எனக்குக் கோவம் வர்றது எனக்கே புடிக்காது.

நான் ராஜபாளையத்துல பந்தல் கான்ட்ராக்ட். வெள்ளைக்கண்ணு மகன் சோலையப்பன்னா சின்னப் புள்ளைக்கும் தெரியும். எங்கப்பா காலத்துல வெறும் ஓலைப் பந்தல். நான் தலையெடுத்துத்தான் தகரம், இரும்புக் குழாய், சேரு, அண்டா குண்டா வரைக்கும் கொண்டாந்தேன். ஊர்ல எவன் வீட்டுக் கல்யாணமா இருந்தாலும் முதக் கம்பு நான் நட்டாத்தான். அப்பேர்ப்பட்டவன் எந்தங்கச்சி கல்யாணத்துக்கு ஒரு வாழைமரம் கட்ட முடியல. ரிஜிஸ்டர் ஆபீஸ்ல போய்க் கையெழுத்துப் போட்டுட்டா. எவனோட? இன்பராஜோட. பல்லு கட்டுற லேப்புல வேலை பாக்குற பய. டாக்டரு கூட இல்ல. டாக்டரு அளவெடுத்துக் குடுத்தா இவன் மெழுகுல பல்லு செய்வான். வேற ஆளுக, வேற தெரு. தெருன்னா ஒங்களுக்கே புரியும், நான் பேரு சொல்ல வேண்டாம்.

அந்த வருசமே எங்கப்பா படுத்துட்டாரு. கொன்னுட்டாம்மா அவரை. சுகர் இருந்துச்சு, காலை எடுக்கணும்னு டாக்டரு சொன்னாரு, இவரு எடுக்க மாட்டேன்னுட்டாரு, அது வேற விசயம். கொன்னது அவதான். கொள்ளி வைக்கும்போது நான் சுத்திமுத்திப் பாத்தேன், எங்கயாச்சும் ஒளிஞ்சு நின்னு பாக்குறாளான்னு. வரல. வந்திருந்தா அங்கயே வெட்டியிருப்பேன், அதுனால வராததும் நல்லதுக்குத்தான். ஆனா வந்திருக்கணும்ல? பெத்த அப்பன்ல?

நானும் தேடாத எடமில்ல. அவ சிநேகிதி வீட்டுக் கதவை ஒதைச்சு ஒடைச்சேன். அந்தப் பயலோட அண்ணனை பஸ் ஸ்டாண்டுல வச்சு மூஞ்சியிலேயே போட்டேன், முன்பல்லு ரெண்டு கீழ விழுந்துச்சு. ‘ஒந்தம்பிதான் பல்லு கட்டுவானே, போய்க் கட்டிக்கடா’ன்னேன். ரத்தத்தைத் துப்பிக்கிட்டே நின்னான், தம்பி எங்க இருக்கான்னு அப்பவும் சொல்லல. இதை எழுதுங்கம்மா. சொந்தக்காரன் எவனும் சொல்லலேங்குறதுக்கு இதை விட என்ன ருசு வேணும்? பல்லு போயே சொல்லாதவன் பெறகு வந்து வெத்தல பாக்கு வச்சா சொல்லுவான்? பேங்க்கு வக்கீல் சார், நீங்களும் குறிச்சுக்கோங்க.

பெறகு சலிச்சுப் போச்சு. விட்டுட்டேன். சத்தியமா விட்டுட்டேன். என் பொண்டாட்டி கூட, இப்பத்தான் வீட்டுல கொஞ்சம் சத்தம் கொறைஞ்சிருக்குன்னு பக்கத்து வீட்டுல சொல்லியிருக்கா. பேங்க்கு மட்டும் சும்மா கெடந்திருந்தா நான் இன்னைக்கு வெளிய பந்தல் போட்டுக்கிட்டு இருப்பேன், அவனும் பல்லு செஞ்சுக்கிட்டு இருப்பான். இதைத்தான் நான் ஜட்ஜ் ஐயாகிட்டயும் சொன்னேன். குத்தவாளி பேங்க்கு, நான் நடுவுல மாட்டுனவன். அவரு தலையைக் கூட நிமித்தல.

ஒரு நாள் வர்த்தகர் சங்க வாட்ஸப் குரூப்புல ஒரு ஃபைல் வந்துச்சு. எவனோ எங்கயோ இருந்து திருடி வித்திருக்கான், அது கைமாறிக் கைமாறி எங்க ஊருக்கே வந்து சேந்துருச்சு. எங்க பிராஞ்ச்சுல கணக்கு வச்சிருக்குற அம்புட்டுப் பேரும் அதுல இருக்கான். பேரு, அப்பன் பேரு, போன் நம்பரு, விலாசம், கணக்குல கெடக்குற பணம், நாமினி யாருங்குற வரைக்கும். ஊரே வேலைவெட்டியை விட்டுட்டு ஒருத்தன் பேரை ஒருத்தன் தேடிக்கிட்டு இருந்துச்சு. கூடப் பொறந்த தம்பி ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கேட்டப்போ கையில காசில்லைன்னு கை விரிச்ச அரிசிக்கடைக்காரர் மண்டை அன்னைக்கே ஒடைஞ்சுச்சு, அவரு கடையில அரிசி அளக்குற படியாலயே அந்தத் தம்பி ஒடைச்சான். இன்னொருத்தரு பொண்டாட்டி பேரை விட்டுட்டு அக்கா பேரை நாமினியாப் போட்டிருந்தாரு. அந்தம்மா தோசைத்திருப்பியை அடுப்புல காய வச்சு அவரு முதுகுல ஒரு இழுப்பு இழுத்துருச்சு. நான் விழுந்து விழுந்து சிரிச்சேன், என் முறை வர்ற வரைக்கும்.

கண்ட கண்ட பயலும் எனக்குப் போன் போட ஆரம்பிச்சான். இந்தில ஒருத்தன், அரைகுறைத் தமிழ்ல ஒருத்தன். ‘வெள்ளைக்கண்ணு மகன் சோலையப்பன் சாரா’ன்னு கேக்குறான். எங்கப்பன் பேரை எவனோ ஒருத்தன் வாயால கேட்டதும் எனக்கு ரத்தம் கொதிச்சுருச்சு. நேரா பேங்க்குக்குப் போனேன். டோக்கன் எடுத்துட்டு உக்காருங்கன்னாங்க. டோக்கனா? சங்கிலி போட்டுக் கட்டியிருந்த பேனா ஸ்டாண்டைப் பிடுங்கி கவுண்டர் கண்ணாடியில வீசுனேன். சில்லு சில்லாப் போச்சு. உதவி மேனேஜர் ஓடி வந்து, சர்வர்ல எவனோ பூந்துட்டான் சார், எங்க பக்கம் தப்பே இல்லைன்னான். சட்டையைக் கொத்தாப் புடிச்சுத் தூக்கிக் கவுண்டர் மேலயே உக்கார வச்சேன், கண்ணாடிச் சில்லு மேல. ‘என் வீட்டு விலாசத்தைக் கண்டவனும் பாக்கலாமாடா? நாளைக்கு எவனாச்சும் கம்பைத் தூக்கிக்கிட்டு என் வாசல்ல வந்து நின்னா நீயா பொறுப்பு? என் வீட்டுல பொம்பளைப் புள்ளை இருக்குடா’ன்னேன். கூடி நின்ன சனம் பூராக் கை தட்டுச்சு.

என்ன தம்பி, தாடியைச் சொறியுறீங்க? சரியாத்தான கேட்டிருக்கேன்?

அதுலதான் வாடிக்கையாளர் சங்கம்னு ஒண்ணு ஆரம்பிச்சு என்னையத் தலைவராப் போட்டாங்க. மண்டபத்துல கூட்டம். சேரெல்லாம் என் சேரு, வாடகை வாங்கல. மதுரையில இருந்து ஒரு வக்கீலைக் கூட்டியாந்தோம். அவரு நிதானமாச் சொன்னாரு. முதல்ல பேங்க்குக்கே எழுத்துல புகார் குடுங்க, குடுத்ததுக்கு ரசீது வாங்கிக்கோங்க, ஒரு மாசம் பாருங்க. பதில் வரலைன்னாலோ வந்த பதில் சரியில்லைன்னாலோ பேங்க்கு மேல வர்ற புகாரை விசாரிக்குற ஓம்பட்ஸ்மேன்கிட்டப் போங்க, அதுக்குச் செலவில்ல. பணத்தை எவனாவது சுருட்டியிருந்தா அன்னைக்கே சைபர் கிரைமுக்குப் போன் போட்டுடுங்க. விவரத்தைப் பத்திரமா வைக்காததுக்கு நஷ்டஈடு கேட்டு கவர்மெண்டுல கம்ப்யூட்டர் விசயத்தைப் பாக்குற ஐ.டி. செகரட்டரிகிட்ட மனுப் போடவும் வழி இருக்கு. சேவைக் குறைபாடுன்னு நுகர்வோர் கோர்ட்டுக்கும் போகலாம், தனியாவும் போகலாம், எல்லாரும் சேந்தும் போகலாம். ஆனா ஒண்ணு, சும்மா விவரம் போச்சு விவரம் போச்சுன்னாப் பத்தாது, அதனால ஒங்களுக்கு என்ன கெடுதல் வந்துச்சுன்னு காட்டணும்னாரு.

எனக்கு வெறி வந்துருச்சு. சேரைத் தூக்கிக்கிட்டு எந்திரிச்சேன். ‘விலாசம் வெளிய போறதே கெடுதல்தான்யா! ஒரு மனுசன் இருக்குற எடம் அவனா சொன்னாத்தான் அடுத்தவனுக்குத் தெரியணும். அதை விக்கிறவனும் குத்தவாளி, வாங்கிப் பாக்குறவனும் குத்தவாளி’ன்னு கத்துனேன். வக்கீலே கை குடுத்தாரு. நீங்க பேசுனதை அப்படியே மனுவுல போட்டுடுறேன்னாரு. போட்டும் இருக்காரும்மா. எங்க சங்கத்து மனுவை வாங்கிப் பாருங்க, மூணாவது பாராவுல என் வார்த்தை இருக்கும்.

எல்லாரும் வீட்டுக்குப் போய் அந்த ஃபைல்ல அவங்கவங்க வரியைத் தேடிப் படம் எடுத்துக் கொண்டாங்க, மனுவோட சேக்கணும்னு சொல்லி அனுப்புனாரு. நானும் வீட்டுக்கு வந்து ஃபைலைத் தொறந்தேன். சோலையப்பன்னு போட்டா ஊர்ப்பட்ட சோலையப்பன் வருது. சரின்னு அப்பா பேரைப் போட்டேன். வெள்ளைக்கண்ணுங்குற பேரு எங்க பக்கம் வேற எவனுக்கும் கெடையாது. ரெண்டே வரி வந்துச்சு. ஒண்ணு நான். இன்னொண்ணு வாசுகி.

டீச்சர் டிரெயினிங் படிக்கும்போது ஸ்காலர்ஷிப்புக்காக நான்தான் கூட்டிட்டுப் போய்த் தொறந்து குடுத்த கணக்கு. மூடியிருப்பான்னு நெனச்சேன், மூடல. விவரத்தைப் புதுப்பிக்கலைன்னா கணக்கு முடங்கிடும்னு பேங்க்குக்காரன் எல்லாருக்கும் மெசேஜ் மேல மெசேஜாப் போட்டு உசுரை வாங்குனான்ல, இவளும் பயந்துக்கிட்டுப் புது விலாசத்தைக் குடுத்திருக்கா. புருசன் பேரைப் போட்டிருந்தா எனக்கு அகப்பட்டே இருக்க மாட்டா. போடல. வெள்ளைக்கண்ணு மகள் வாசுகின்னே விட்டிருக்கா. கரூரு, இன்ன நகரு, இன்ன தெரு, கதவு நம்பரு, மாடி.

ரொம்ப நேரம் அதையே பாத்துக்கிட்டு இருந்தேம்மா. அழுகை வந்துருச்சு. அப்பா பேரை விடல பாத்தீங்களா? எங்களை விடல அவ. செல்போனை அப்படியே நெஞ்சுல வச்சுக்கிட்டு அழுதேன். பெறகு மூஞ்சியைக் கழுவிட்டுக் குட்டியானை வண்டியை எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டேன்.

கடப்பாரை வண்டியிலேயே கெடந்துச்சு. இதைத்தான் ‘முன்கூட்டியே திட்டமிட்டு ஆயுதத்துடன்’னு தீர்ப்புல எழுதிட்டாங்க. பந்தக்காரன் வண்டியில கடப்பாரை கெடக்காம கண்ணாடி வளையலா கெடக்கும்? நான் அடிக்கணும்னு போகல. என்னத்துக்குப் போனேன்னு கேட்டா எனக்கே தெரியல. போனேன்.

ஞாயித்துக்கெழமை மத்தியானம். தெரு பூரா மீன் கொழம்பு வாசம். கதவை அவன்தான் தொறந்தான், சாப்பிட்டுக்கிட்டு இருந்திருக்கான், கையில சோத்துப் பருக்கை. என்னையப் பாத்ததும் அவன் என்ன சொல்லியிருக்கணும்? ‘ஐயோ’ன்னு கத்தியிருக்கணும், உள்ள ஓடிக் கதவைச் சாத்தியிருக்கணும். அந்தப் பய என்ன சொன்னான் தெரியுமா? ‘வாங்க மச்சான்’னான். எச்சிக்கையை முதுகுக்குப் பின்னால மறைச்சுக்கிட்டு, ‘வாங்க மச்சான், உள்ள வாங்க’ன்னான்.

மச்சானாம்! முழங்கால்ல போட்டேன். காய்ஞ்ச சவுக்குக் கம்பு முறியுற மாதிரிச் சத்தம். அப்படியே வாசப்படியில உக்காந்துட்டான். எந்தக் கையாலடா தாலி கட்டுனன்னு கேட்டேன். வலது கையை நானே இழுத்து நிலைப்படியில வச்சு ஒண்ணு, ரெண்டு... நான் எண்ணல, கோர்ட்டுல டாக்டரு எண்ணிச் சொன்னாரு. வெரலுக எல்லாம் ஒரு பக்கமாத் திரும்பிக்கிச்சு. பருக்கை அப்பவும் ஒட்டிக்கிட்டுத்தான் இருந்துச்சு. அவன் என்னையத் திட்டல. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். ‘அவளை உள்ள போகச் சொல்லுங்க, அவளை உள்ள போகச் சொல்லுங்க’ன்னே கத்துனான்.

அவ எங்க உள்ள போனா? ‘அண்ணே, அண்ணே’ன்னு கத்திக்கிட்டு அவன் மேல போய் விழுந்தா. நான் அவளை அடிக்கல. இதைத் தெளிவா எழுதுங்கம்மா, எந்தங்கச்சி மேல நான் கை வைக்கல. ஓங்குனது ஓங்குனபடி வந்துச்சு, அவளா நடுவுல வந்து விழுந்தா. கடப்பாரைக்கு யாரு எவருன்னா தெரியும்?

என்ன கேக்குறீங்க? அதைக் கேக்காதீங்கன்னு முன்னாடியே சொன்னேன்ல. சொல்லலையா? இப்பச் சொல்றேன். அவ முழுகாம இருந்தது எனக்கு எப்படித் தெரியும்? பேங்க்கு ஃபைல்ல அது இல்லையே.

தண்ணி குடுங்க.

அந்தத் தெருக்காரங்க என்னையச் சும்மா விடல. கரண்டுக் கம்பத்துல கட்டி வச்சு அடிச்சாங்க. இந்தப் புருவத்துல பாருங்க, தையல். ஒரு பொம்பளை செருப்பாலயே அடிச்சா. என்னைய அடிச்சவங்க மேல ஒரு கேஸும் கெடையாது, கேட்டீங்களா? எனக்குன்னு வந்தா சட்டம் தூங்கிரும்.

இப்பச் சொல்லுங்க. என் விவரமும் வெளிய போனதுதான, நானும் அந்த பேங்க்குக் கஸ்டமர்தான. அது வெளிய போனதால எனக்கு என்ன கெடுதல்? தொழில் போச்சு, சேரெல்லாம் எதிராளி தூக்கிட்டுப் போயிட்டான், பொண்டாட்டி அவ அம்மா வீட்டுல கெடக்குறா, நான் இங்க களி திங்குறேன். பேங்க்கு பத்திரமா வச்சிருந்தா நான் பாத்திருப்பேனா? பாக்கலைன்னா போயிருப்பேனா? எனக்கு நஷ்டஈடு கெடையாதாம்மா? பேங்க்கு வக்கீல் சார் சிரிக்குறாரு. சிரிங்க சார்.

வாசுகி தனியா கேஸ் போட்டிருக்கான்னு கேட்டதும் எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு. வெள்ளைக்கண்ணு மகடான்னு பக்கத்து செல்லுக்காரன்கிட்டச் சொன்னேன். எங்க சங்கத்துக் கேஸ் என்னாச்சு? கெடுதலைக் காட்ட முடியலைன்னு ஆளுக்கு ஏதோ கொஞ்சம் குடுத்து முடிச்சுட்டாங்க. அவளுக்கு அப்படி இல்லைல்ல. காட்டுறதுக்கு அவகிட்டக் கெடுதல் இருக்கு. ஒரு வகையில அது நான் குடுத்ததுதான. என்ன, அதுக்கு எதுக்கு மொறைக்கிறீங்க?

சரி, எழுதியாச்சா? படிச்சுக் காட்டுங்க. ‘வெளியில் பரவிய வங்கிக் கோப்பிலிருந்தே என் தங்கையின் முகவரியை அறிந்தேன், வேறு எவரும் சொல்லவில்லை.’ ம், அதுதான். நறுக்குன்னு எழுதியிருக்கீங்க. கையெழுத்து எங்க போடணும்?

ஒரு நிமிசம். பேங்க்கு வக்கீல் சார் முன்னால கெடக்குதே, அது அவ மனுவா? அந்த முதப் பக்கத்துல மனுதாரர் யாரு, அப்பன் யாரு, எங்க இருக்காருன்னு போட்டிருப்பாங்கள்ல. எங்க சங்கத்து மனுவுலயும் அப்படித்தான், என் கதவு நம்பர் வரைக்கும் போட்டிருந்துச்சு. தம்பி, அது மேல எதுக்குக் கையை வைக்கிறீங்க? அதுல எந்தங்கச்சி பேரைத்தான பாக்கணும்ங்குறேன். இப்பயும் வெள்ளைக்கண்ணு மகள்னுதான் போட்டிருக்காளா? அந்தளவு தெரிஞ்சாப் போதும். கையை எடுங்க.

எதுக்கா? சொல்றேம்மா. எம்மக வயசுக்கு வந்துட்டா. அடுத்த மாசம் சடங்கு வச்சிருக்கோம், எனக்குப் பரோலும் குடுத்துட்டாங்க. அத்தைகாரி வந்து முதச் சொம்புத் தண்ணி ஊத்தாம அது என்ன சடங்கு? என் பொண்டாட்டிகிட்டக் கேட்டேன், ‘கரூர் வீட்டை அப்பவே காலி பண்ணிட்டாங்களே, அவளை எங்க போய்த் தேட’ன்னுட்டா. பத்திரிகை வைக்கணும்மா. நேர்ல போய்த் தாம்பாளத்துல பழத்தோட வைக்கணும். தபால்ல போட்டா மரியாதையா? நான் போய் வாசல்ல நின்னு குடுத்துட்டு வந்துருவேன். உள்ள கூடப் போக மாட்டேன். வெறுங்கையோட, பத்திரிகையோட. என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லுங்க, பொய் சொல்ற மூஞ்சியா இது?

அப்படின்னா ஒண்ணு பண்ணுங்க. இந்தக் கேஸ்ல என்னையும் ஒரு பார்ட்டியாச் சேத்துக்கோங்க. நானும் கஸ்டமர்தான. பார்ட்டின்னா எனக்கும் ஒரு காப்பி வரும்ல? முடியாதா? சாட்சிக்குக் காப்பி கெடையாதா? அவ விலாசமே அதுல இல்லையா? வக்கீல் ஆபீஸ் விலாசம்தான் போட்டிருக்கா? பெறகு எதுக்குத் தம்பி இந்தப் பொத்துப் பொத்துறான்? எடுடா கையை! எந்தங்கச்சி எங்க இருக்கான்னு எங்கிட்டருந்தே மறைக்க நீ யாருடா? நீ யாருடா அவளுக்கு? கூடப் பொறந்தியா? விடுங்க வார்டரய்யா, தோளை விடுங்க. எடுடா, இல்ல அவன் கை மாதிரியே ஒன் கையும்... ஆ! ஐயோ, முட்டியில அடிக்காதீங்கய்யா. விடுங்க. உக்காந்துட்டேன். உக்காந்துட்டேன் பாருங்க.

பயந்துட்டீங்களாம்மா? லேப்டாப்பை எடுத்து வைங்க, ஒண்ணும் ஆகல. செவுத்தோரம் எதுக்கு நிக்குறீங்க? வந்து உக்காருங்க. நான் இன்னும் முடிக்கல. சாட்சியை முடிக்காமப் போகக் கூடாது.

மேல எழுதுனதை அடிச்சுடுங்க. அடிக்க முடியாதா? அதையும் வச்சுக்கிட்டு இதையும் எழுதுவீங்களா? எழுதுங்க, அது இன்னும் நல்லது. முன்னுக்குப் பின் முரணாச் சொன்ன சாட்சி செல்லாதுன்னு இங்க இருக்குற அத்தனை பேருக்கும் தெரியும். பேங்க்கு வக்கீல் சார், பேனாவைத் தொறங்க. ஒங்களுக்குத்தான் சொல்றேன்.

அந்த ஃபைலை நான் பாக்கவே இல்ல. எழுதுங்க. வேற ஆளு சொல்லித்தான் எனக்கு விலாசம் தெரியும். யாரு சொன்னான்னு பேரு சொல்லணுமா? சொல்றேன், கொஞ்சம் இருங்க.

வாசுகிதான் சொன்னா.

ஆமா, அவளேதான். தம்பி, எந்திரிக்காதீங்க, இப்ப நான் சாட்சி சொல்லிக்கிட்டு இருக்கேன். அவளே போன் பண்ணுனா. குரலைக் கேட்டதுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. ‘அண்ணே, அப்பா காரியத்துக்கு வர முடியாமப் போச்சுண்ணே, ஒன்னையாவது பாக்கணும் போல இருக்கு’ன்னா. எங்க இருக்கன்னு நான் கேக்கக் கூட இல்லம்மா. அவளா சொன்னா. கரூருன்னா, தெருப் பேரு சொன்னா, கதவு நம்பர் சொன்னா. மாடி வீடு, படி ரொம்பக் குறுகலு, பாத்து ஏறி வாண்ணேன்னா. அவ கூப்பிட்டா, நான் போனேன். அவ கூப்பிடாம நான் எப்படிம்மா அவ வீட்டுக்குப் போவேன்?

எழுதிட்டீங்களா? கொண்டாங்க, கையெழுத்துப் போடுறேன்.